காலையில் ரேடியோ, பஸ்சில் செல்போன், ராத்திரியில் கேசட்! பரண் மேல் கிடக்கும் குரலைக் காப்பாற்ற முடியுமா?

சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு வீடு. கீழே ஸ்டேஷனரி கடை. மாடியில் குடித்தனம். வீட்டில் இருப்பது 4 பேர்தான். பாட்டுக் கேட்க அவர்கள் வைத்திருக்கும் கருவிகள் எத்தனை தெரியுமா? ஒன்பது!

ரேடியோ 1, ரிக்கார்டு பிளேயர் 1, டூ-இன்-ஒன் டேப் 1, சி.டி. பிளேயர் 1 (மூடி திறக்காது), பாட்டு அடைத்து வரும் பெட்டி 1, கடையில் பென் டிரைவ் சொருகும் ஸ்பீக்கர் 1. தாத்தாவைத் தவிர மற்ற 3 பேருக்கும் ஆளுக்கு ஒரு செல்போன்.

"எல்லாப் பாட்டும் செல்போன்லயே வருது. எதுக்கு இத்தனை டப்பா? போகிக்கு எடுத்துப் போட்டா என்ன?"

இது மருமகளின் கேள்வி. வருடா வருடம் போகி வருகிறது. வருடா வருடம் இந்தக் கேள்வியும் வருகிறது. ஒரு டப்பா கூட வாசலுக்குப் போனது இல்லை.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. பழைய சென்னையில் பல வீடுகளில் இதுதான் நிலைமை. புதிய கருவி வந்தால் பழையது போய்விடும் என்பார்கள். அப்படிப் போகவில்லை. அது அது தனக்கு ஒரு நேரத்தையும் ஒரு மூலையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து விட்டது.

நேரத்துக்கு ஒன்று

காலை 5½ மணிக்கு தாத்தாவின் ரேடியோ பேசத் தொடங்கும். தாத்தா 80-ஐத் தாண்டியவர். ஓய்வு பெற்ற குமாஸ்தா. 1957-ல் விவிதபாரதி தொடங்கியபோது அவர் பள்ளிக்கூடப் பையன். அன்று பிடித்த ரேடியோவை இன்னும் விடவில்லை. இந்தியாவில் எப்.எம். ஒலிபரப்பு முதன்முதலில் தொடங்கிய ஊர் சென்னைதான் (1977). 2003-ல் தனியார் எப்.எம். வந்தது. அதையும் கேட்டார். "பேச்சு ஜாஸ்தி" என்று சொல்லி விட்டு விட்டார்.

"நாம கேக்கிற பாட்டைப் போடறதுக்கு மிஷின் இருக்கு. அடுத்து என்ன பாட்டு வரும்னு தெரியாம உக்காந்திருக்கிறது ரேடியோவில மட்டும்தான்" என்பது தாத்தா கட்சி.

8 மணிக்குச் சமையல்கட்டு. அங்கே மருமகளின் செல்போன் மிளகாய்த்தூள் டப்பா மேல் சாய்ந்து நிற்கும். யூடியூப்பில் அம்மன் பாட்டு. நடுவே சோப்பு விளம்பரம்! கை முழுக்க மாவு. விளம்பரத்தைத் தள்ளவும் முடியாது. அம்மனும் காத்திருக்க வேண்டியதுதான்.

8½ மணிக்கு கல்லூரிக்குக் கிளம்பும் பேத்தி காதில் இயர்போன். பஸ்சில் இடம் கிடைக்காவிட்டாலும் பாட்டு கிடைக்கும். கீழே கடையில் பென் டிரைவ். அதில் என்ன பாட்டு இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. கூட்டம் வந்தால் சத்தத்தைக் குறைப்பார். அவ்வளவுதான்.

5,000 பாட்டு அடைத்த பெட்டி 2017-ல் வந்தது. எச்.எம்.வி. கம்பெனியின் இன்றைய பெயரான சரிகம வெளியிட்டது. பார்ப்பதற்குப் பழைய டிரான்சிஸ்டர் மாதிரி இருக்கும். வயதானவர்களுக்குப் பரிசாக வாங்கிக் கொடுக்கலாம் என்று விற்றார்கள். சக்கைபோடு போட்டது. இந்த வீட்டுத் தாத்தாவுக்கும் ஒன்று வந்தது. மத்தியானத் தூக்கத்துக்கு அதை வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ரிக்கார்டு பிளேயர். அதைத் தாத்தா தவிர யாரும் தொடக்கூடாது!

3 நிமிடப் பாட்டு

பழைய கிராமபோன் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிடம். பெரிய தட்டு என்றால் இன்னும் கொஞ்சம். அந்த 3 நிமிடத்துக்குள் வித்வான்கள் கீர்த்தனையைச் சுருக்கிப் பாடினார்கள். பிறகு வந்தது 45 சுற்று தட்டு. சினிமாப் பாட்டு பக்கத்துக்கு இரண்டு. அடுத்தது எல்.பி. நிமிடத்துக்கு 33 சுற்று. பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஓடும்.

இதில் ஒரு கட்டாயம் இருக்கிறது. 20 நிமிடம் ஆனதும் எழுந்து போய்த் தட்டைத் திருப்பவேண்டும். அதனால் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கவேண்டும். வேறு வேலை பார்க்க முடியாது. அதனால்தான் ரிக்கார்டுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒதுங்கியது!

தாத்தாவின் ரிக்கார்டுகளில் பாதி மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கியவை. 1985-ல் மூர் மார்க்கெட் தீயில் அழிந்தது. அங்கே வாங்கியதில் ஒரு 'அன்னக்கிளி' ரிக்கார்டும் உண்டு. அதைப் போடும்போது கீறல் சத்தம் வரும். அந்தக் கீறல் எந்த வரியில் வரும் என்று பேத்திக்குக் கூடத் தெரியும்.

ரிக்கார்டுக்கு மறுபடி மவுசு வந்திருப்பது அமெரிக்காவிலும் உண்மை. அங்கே 2022-ல் 4 கோடியே 10 லட்சம் ரிக்கார்டு விற்றது. சி.டி. 3 கோடியே 30 லட்சம்தான். எண்ணிக்கையில் சி.டி.யை ரிக்கார்டு முந்தியது 1987-க்குப் பிறகு அதுவே முதல் தடவை. ஆனால் அதே வருடம் அங்கே பாட்டுத் தொழிலுக்கு வந்த வருமானத்தில் 100-க்கு 84 பங்கு இன்டர்நெட்டில் கேட்பவர்களிடம் இருந்து வந்தது. ரிக்கார்டை வாங்குகிறவனும் பஸ்சில் போகும்போது செல்போனில்தான் கேட்கிறான்.

சி.டி.யின் கதை சின்னக் கதை. 1982-ல் வந்தது. 74 நிமிடம் ஓடும். பக்கம் திருப்ப வேண்டாம். பிறகு ஒரே தட்டில் 100 பாட்டுக்கு மேல் அடைத்து நடைபாதையில் விற்றார்கள். எல்லாம் திருட்டுப் பதிவு. சீக்கிரமே பென் டிரைவ் வந்தது. சி.டி. அம்பேல்!

சீட்டு எழுதிக் கொடுத்த காலம்

கேசட் கதை அப்படி இல்லை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

1963-ல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டைக் கொண்டு வந்தது. நாடாவின் அகலம் 4 மில்லி மீட்டர் கூட இல்லை. '60' கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். '90' என்றால் 45 நிமிடம். 1980-களில் தமிழ்நாட்டில் எங்கு பார்த்தாலும் ரிக்கார்டிங் சென்டர். ஒரு முழு வெள்ளைத்தாளில் பாட்டுகளை எழுதிக் கொண்டு போய்க் கொடுக்கவேண்டும். கடைக்காரர் பார்த்துவிட்டு, "சார், ஏ சைடுல ஒரு பாட்டு தொங்குது. எடுத்துடட்டுமா?" என்பார். '60' கேசட்டில் 12 பாட்டு, 13 பாட்டு பிடிக்கும். 4 நாள் கழித்து வரச் சொல்வார்.

ரேடியோ போட்டதைக் கேட்டான், கம்பெனி விற்றதை வாங்கினான். "இந்த 12 பாட்டுதான் என் பாட்டு" என்று சாதாரண ஆள் சொல்ல முடிந்தது கேசட் வந்த பிறகுதான்.

அதைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று. ரிக்கார்டில் வீட்டில் இருப்பவர் குரலைப் பிடிக்க முடியாது. கேசட்டில் பிடிக்கலாம். சிவப்புப் பட்டனையும் பக்கத்துப் பட்டனையும் சேர்த்து அமுக்கினால் போதும். குழந்தையின் மழலை, பாட்டியின் தாலாட்டு, கல்யாண நலங்குப் பாட்டு எல்லாம் ஏறியது. துபாய்க்கும் குவைத்துக்கும் போனவர்கள் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்பினார்கள். சனிக்கிழமை ராத்திரி அகில பாரத சங்கீத நிகழ்ச்சியை ரேடியோவில் இருந்து பதிவு செய்து, அட்டையில் ராகம் தாளம் எழுதி அடுக்கியவர்களும் உண்டு.

இவை எதுவும் கடையில் கிடைக்காது. எந்த செல்போனில் தேடினாலும் வராது. உலகத்திலேயே ஒரே பிரதிதான். அது பரண் மேல் கிடக்கிறது!

ஒரு ரன்னும் ஒரு பாட்டும்

திருவல்லிக்கேணி தாத்தாவிடமும் அப்படி ஒரு கேசட் இருக்கிறது.

1987 நவராத்திரி. மைத்துனர் குவைத்தில் இருந்து டூ-இன்-ஒன் கொண்டு வந்திருந்தார். கொலு முன்னால் தாத்தாவின் மனைவி பாடினார். மேடைப் பாடகி இல்லை. வீட்டோடு பாடுகிறவர். டேப் ஓடுகிறது என்று தெரிந்தும் கூச்சப்படாமல் அரை மணி நேரம் பாடிவிட்டார்.

கொலு எடுத்து வைத்து சில நாள்தான் ஆனது. அக்டோபர் 9. சேப்பாக்கத்தில் உலகக் கோப்பை கிரிக்கெட். இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஆட்டம். ஆஸ்திரேலியா 270 ரன். இந்தியா விரட்டிக்கொண்டே வந்தது. கடைசி ஓவர் நெருங்குகிறது. வீட்டில் 11 வயதுப் பையன். "இந்தியா ஜெயிக்கப் போகுது, பதிவு பண்ணி வைக்கலாம்" என்று ஆசை. டேப்பில் எந்த கேசட் இருக்கிறது என்று பார்க்கவில்லை. சிவப்புப் பட்டனை அமுக்கிவிட்டான்!

கடைசிக்கு முந்தின பந்தில் மணீந்தர் சிங் அவுட். இந்தியா 269. ஒரு ரன்னில் தோல்வி. பையன் வெறுத்துப் போய் டேப்பை நிறுத்தினான். அதற்குள் அம்மாவின் 2 பாட்டு அழிந்துவிட்டது.

கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னதாக பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் சிவப்புப் பட்டன் அமுங்காது. அன்று ராத்திரியே தாத்தா ஸ்குரூ டிரைவரால் இரண்டு பல்லையும் உடைத்தார். பையனை அடிக்கவில்லை. ஒரு வாரம் பேசவும் இல்லை.

அந்தப் பையன்தான் இப்போது தலை நரைத்த கடைக்காரர். அந்த அம்மாள் 2011-ல் காலமானார். அதற்குப் பிறகு தாத்தா ராத்திரி படுக்கும் முன் கேசட்டைப் போட ஆரம்பித்தார். முதலில் ஓவர் கணக்கு, கூச்சல், தோல்வி. ஒரு 'டக்' சத்தம். அப்புறம் பாட்டு, நடு வரியில் இருந்து.

பூஞ்சை பிடிக்கிறது!

சில மாதம் முன்பு ஒரு நாள் பாட்டு மங்கியது. பிறகு இழுத்தது. பிறகு டேப் நாடாவையே விழுங்கிவிட்டது. தாத்தா கை நடுங்க நடுங்க நாடாவை வெளியே எடுத்தார். பென்சிலைச் சொருகிச் சுற்றிக் கொடுத்தது பேத்தி.

ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போனாள். மெக்கானிக் திறந்து பார்த்தார்.

"பெல்ட் தொளதொளன்னு போச்சும்மா. ரப்பர் உருளை கல்லு மாதிரி ஆயிடுச்சு. புது சாமான் வராது. பழைய செட்டுல இருந்துதான் கழட்டிப் போடணும்."

"கேசட்டுக்கு ஒண்ணும் ஆகலையே அண்ணே?"

"இங்க பாரு, வெள்ளையா இருக்கே, பூஞ்சை. இதைத் தொடைக்காம ஓட்டாதே. டேப் போனா வேற டேப் தேடலாம். இது போனா போனதுதான்."

சென்னை காற்றில் ஈரம் அதிகம். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் கேட்கவே வேண்டாம். பூஞ்சை பிடித்த கேசட்டை ஓட்டினால் நாடாவில் ஒட்டியிருக்கும் காந்தப் பூச்சு உரியும். பாட்டு அதில்தான் இருக்கிறது. அதே டேப்பில் அடுத்த கேசட்டைப் போட்டால் அதற்கும் பூஞ்சை பரவும். '90' கேசட் நாடா '60'-ஐ விட மெலிசு. '120' அதைவிட மெலிசு. சீக்கிரம் சிக்கும்.

காப்பாற்ற வழி இருக்கிறது. கஷ்டமும் இல்லை. முதலில் டேப்பின் ஹெட்டை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைக்கவேண்டும். கேசட்டை ஒரு தடவை முழுக்க முன்னால் ஓட்டிப் பின்னால் சுற்றவேண்டும். இறுகிப்போன நாடா தளரும். டேப்பில் ஹெட்போன் மாட்டும் துளையில் இருந்து ஒரு வயர் கம்ப்யூட்டருக்கு. கம்ப்யூட்டரில் 'ஆடாசிட்டி' என்று இலவச புரோகிராம் இருக்கிறது, பதிவு செய்யும். ஸ்பீக்கர் முன்னால் செல்போனைப் பிடித்துப் பதிவு செய்யக்கூடாது. பாட்டியின் தாலாட்டோடு குக்கர் விசிலும் ஏறிவிடும்!

அவசரப்பட முடியாது. 60 நிமிட கேசட் ஏற 60 நிமிடம் ஆகும். பரண் மேல் 40 கேசட் இருந்தால் 40 மணி நேரத்துக்கு மேல் வேலை. அதனால் எதை முதலில் எடுப்பது என்பதுதான் கேள்வி. பலர் 'ரோஜா' கேசட்டை முதலில் எடுக்கிறார்கள். சுத்த வீண் வேலை. அது செல்போனிலேயே இருக்கிறது. அட்டையில் கையால் எழுதியிருக்கும் கேசட்டுகளைத்தான் முதலில் எடுக்கவேண்டும். ஏற்றியதை இரண்டு இடத்தில் வைக்கவேண்டும். செல்போன் தொலைந்தால் அதோடு போய்விடக்கூடாது.

"அதை வெட்டாதே"

பேத்தி அப்படித்தான் செய்தாள். பூஞ்சையைத் துடைக்க ஒரு நாள். டேப் ரிப்பேர் ஆகி வர 2 வாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேசட் ஏறியது. வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறியை நிறுத்தி விட்டார்கள். வயரில் ஏறுவதற்கும் விசிறிக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் நிறுத்தினார்கள்.

கம்ப்யூட்டர் திரையில் ஒலி அலை அலையாகத் தெரிந்தது. கிரிக்கெட் எங்கே முடிகிறது, பாட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

"தாத்தா, முன்னாடி இருக்கிற கிரிக்கெட்டை வெட்டிடவா? நேரா பாட்டி பாட்டு வந்துடும்."

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "வெட்டிடும்மா" என்றார்.

தாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. "அதை வெட்டாதே. அது உங்கப்பன் பண்ணது. அதுவும் இருக்கட்டும்."

இப்போது அந்தப் பாட்டு 3 செல்போனிலும் இருக்கிறது. மருமகள் சமையல்கட்டில் அதையும் போடுகிறார். கடையில் ஸ்பீக்கரில் போடக் கடைக்காரர் மறுத்துவிட்டார். கடையை அடைத்த பிறகு தனியாகக் கேட்கிறார் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

தாத்தா மட்டும் செல்போனில் கேட்பதில்லை. ரிப்பேர் ஆன டேப்பில்தான் கேட்பேன் என்கிறார். தினமும் போட்டால் நாடா தேயும் என்று பேத்தி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பேரம் நடந்தது. வாரத்துக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை ராத்திரி என்று முடிவானது.

போகிக்கு எறிய ஒரே ஒரு சாமான் மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மூடி திறக்காத அந்த சி.டி. பிளேயர். உள்ளே எந்த சி.டி. மாட்டிக்கொண்டிருக்கிறது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அது தெரிகிற வரை எறியவேண்டாம் என்று தாத்தா சொல்லியிருக்கிறார்.