ஸெல்வே என்னும் குகையூர்

துருக்கி நாட்டின் நடுப்பாகத்திலே, கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,000 மீற்றர் உயரத்தில் அமைந்த மேட்டுநிலம் கப்படோசியா எனப்படும். விவிலியம் பயின்றோர் இதனைக் கப்பத்தோக்கியா என்னும் பெயரால் அறிவர். இங்கே, அவானோஸ் நகருக்கு அண்மையில், செங்குத்தான பாறைச் சுவர்களிடையே மூன்று பள்ளத்தாக்குகளிற் பரந்து கிடப்பது ஸெல்வே. ஊர் என்று கூறினும் அங்கே இன்று குடியிருப்பார் ஒருவருமிலர். வாயில்கள் உள, படிகள் உள, அடுப்புப் புகை படிந்து கருகிய கூரைகளும் உள. 1952 ஆம் ஆண்டுவரை மக்கள் வாழ்ந்த இவ்வூர் ஏன் வெறுமையாயிற்று என்பதை அறிய வேண்டுமாயின், முதலில் அவ்விடத்துக் கல்லின் இயல்பை அறிதல் வேண்டும்.

முற்காலத்தில் இப்பகுதியிலிருந்த எரிமலைகள் பல இலட்சம் ஆண்டுகளாகச் சாம்பலைக் கக்கின. அச்சாம்பல் படைபடையாகப் படிந்து இறுகி மென்மையான கல்லாயிற்று. அதன்மேல் ஆங்காங்கே வன்மைமிக்க பாறைப் படையொன்றும் அமைந்தது. மழைநீர் மென்கல்லை அரித்துச் செல்ல, மேலே வன்கல் மூடியுள்ள இடங்கள் மட்டும் அரிப்புக்குத் தப்பிக் கூம்புகளாக நின்றன. தலையிற் கருங்குல்லாய் தரித்தாற்போலத் தோன்றும் இவற்றைத் துருக்கியர் ‘தேவதைகளின் புகைபோக்கிகள்’ என்பர். ஸெல்வேக்குச் செல்லும் வழியிலுள்ள பாஷாபாக் என்னுமிடத்தில், ஒரே அடியினின்று மூன்று தலைகள் கிளைத்த கூம்பொன்று உண்டு. அதனுள்ளே துறவி ஒருவர் உறைதற்கான அறை குடையப்பட்டிருக்கிறது. சிரியா நாட்டிலே தூணின்மேலிருந்து தவஞ்செய்த சிமியோன் என்னும் அடியாரின் பெயரால் அங்கே ஒரு சிறு வழிபாட்டிடமும் அமைந்துள்ளது.

இக்கல்லை எளிய இரும்புக் கருவிகொண்டே குடையலாம். குடைந்தபின் காற்றுப்பட்ட மேற்பரப்பு சிறிது இறுகிவிடும். மரம் அரிதாகிய அந்நாட்டில் வீடு கட்டுதற்கு இதனினும் வாய்ப்பான பொருள் வேறில்லை. குடும்பம் பெருகினால் மற்றோர் அறையைக் குடைந்துகொள்வர். கோடையிற் குளிர்ச்சியும் மாரியில் இளஞ்சூடும் அவ்வறைகளுக்கு இயல்பாயின. உயரத்திலே சிறு துளைகளிட்டுப் புறாக்களை வளர்த்தனர். அவற்றின் எச்சம் திராட்சைத் தோட்டங்களுக்கு எருவாயிற்று.

9 ஆம் நூற்றாண்டு முதல் 13 ஆம் நூற்றாண்டு வரை ஸெல்வே கிறித்தவத் துறவியரின் நிலையமாக விளங்கிற்று. திராட்சைக் கோயில், மீன் கோயில் என ஓவியங்களாற் பெயர்பெற்ற ஆலயங்கள் அங்கே உள. பிற்காலத்து முஸ்லிம்களின் பள்ளிவாசல் ஒன்றும், தானியம் அரைக்கும் ஆலையொன்றும் அதே பாறையிற் குடையப்பட்டுள்ளன. கிரேக்கமும் துருக்கியும் 1923 இற் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இப்பகுதிக் கிறித்தவர் நாடுவிட்டு நீங்கினர். முஸ்லிம் குடிகள் தொடர்ந்து வாழ்ந்தனர்.

கப்படோசியாவுக்குச் செல்வோர் பெரும்பாலும் கோரெமே ஆலயங்களின் வண்ண ஓவியங்களைக் கண்டு மீள்வர். அவை காணத்தக்கனவே. ஆயினும் உழுது, அரைத்து, சமைத்துண்ட குடிமக்களின் வாழ்வை அறிய விரும்புவோர் ஸெல்வேயைக் காணாது திரும்புதல் பெருங்குறையாகும்.

வீடு தந்த மென்மையே அவ்வூருக்குக் கேடாயிற்று. பாறை வெடிப்புகளிற் புகும் நீர் மாரிக் குளிரில் உறைந்து விரிவடைகின்றது. வெடிப்பு ஆண்டுதோறும் அகலுகின்றது. தலைமுறை தலைமுறையாக அறைகள் குடையப்பட்டதனால் இடைச்சுவர்களும் மெலிந்திருந்தன. பாறைகள் சரிந்து உயிருக்கு அச்சம் விளைந்தமையால், 1952 இல் மக்கள் சில கிலோமீற்றர் தொலைவில் அமைந்த புதிய ஊருக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். அங்கே வீடுகள் நிலத்தின்மேற் கட்டப்பட்டன. பாறையினுள்ளே பிறந்து முதுமையெய்தியோர்க்கு அவ்வீடுகளின் வேனில் எத்தகையதாயிருந்திருக்கும் என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

கைவிடப்பட்ட ஊர் பின்னர் திறந்தவெளி அரும்பொருட்காட்சிச்சாலையாயிற்று. 1985 இல் கப்படோசியாவின் பாறைத் தலங்கள் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. இருப்பினும் மழையும் பனியும் தம் தொழிலை நிறுத்தவில்லை. ஸெல்வேயிற் பல இடங்களில் முன்சுவர் முழுவதும் வீழ்ந்துவிட்டது. கீழே நிற்பவர்க்கு மேல்மாடத்து அறைகள் கதவு திறந்த பேழைபோலத் தோன்றுகின்றன: சுவரிற் குடைந்த விளக்கு மாடம், பண்டம் வைக்கும் தட்டு, பக்கத்து அறைக்குச் செல்லும் வழி. அவ்வழிக்கு அப்பால் அறையில்லை.