பெரிய பாயா, அளவான பாயா? சின்னப் படகுக்கு முன்பாய் வாங்குவதில் இவ்வளவு கணக்கா!

படகுக்கு ஐம்பது வயது. உடம்பு இன்னும் கல் மாதிரி இருக்கிறது. முன்னால் விரியும் பாய் மட்டும் பழைய வேட்டி போலத் தொளதொளத்துவிட்டது. இங்கிலாந்தில் 'வெஸ்டர்லி சென்டார்' ரகப் படகு வைத்திருக்கும் பலரின் கதை இதுதான்.

26 அடி நீளமுள்ள குடும்பப் படகு இது. 1969-ல் தொடங்கி 1980 வரை 2,000-க்கும் மேல் கட்டப்பட்டன. அடியில் இரட்டைக் கீல் இருப்பதால், கடல் வற்றும் நேரத்தில் சேற்றிலேயே நிமிர்ந்து நிற்கும். இன்று பழைய சென்டார் மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் புது முன்பாயின் விலை, படகின் விலையில் கணிசமான பங்கு வந்துவிடும். அதனால்தான் இத்தனை யோசனை!

கிழியாத பாயை ஏன் மாற்ற வேண்டும்? பாய் என்பது வெறும் துணி அல்ல, விமான இறக்கை மாதிரி ஒரு வடிவம். புதுப் பாயின் தொப்பை முன்பக்கமாக இருக்கும். துணி நைந்து இழுபட்டால், அந்தத் தொப்பை பின்னால் நகர்ந்துவிடும். அப்புறம் காற்று படகை முன்னே தள்ளுவதைவிடப் பக்கவாட்டில் சாய்ப்பதுதான் அதிகம். காற்று கரையை நோக்கி வீசும்போது இன்ஜினும் நின்றுவிட்டால், எதிர்க்காற்றில் ஏறிப் பாறைகளிலிருந்து விலக வேண்டும். நைந்த பாயை நம்பி அதைச் செய்வது கஷ்டம்.

சரி, எந்த அளவு வாங்குவது? பாய்மரத்தைத் தாண்டிப் பின்னால் நீளும் பெரிய முன்பாய்க்கு 'ஜெனோவா' என்று பெயர். 1920-களில் இத்தாலியின் ஜெனோவா நகரப் பந்தயத்தில் ஸ்வீடன்காரர் ஸ்வென் சலேன் பயன்படுத்தியதால் வந்த பெயர். இதைச் சதவிகிதத்தில் சொல்வார்கள். பாய்மரத்துக்கும் முன்கம்பிக்கும் நடுவே தளத்தில் உள்ள தூரம் 100 என்றால், 150 சதவிகிதப் பாய் அதைப்போல ஒன்றரை மடங்கு அகலம்.

மெல்லிய காற்றில் 150 அருமையாக இழுக்கும். ஆனால் காற்றின் வேகம் இரட்டிப்பானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். அப்போது 'ஃபர்லர்' என்ற கருவியால் பாயைப் பாதி சுருட்டிக்கொள்ளலாமே என்பார்கள். சுருட்டலாம்தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருட்டினால், பாயின் வடிவம் கெட்டுப் பழைய தொல்லையே திரும்பி வரும். முன்விளிம்பில் ஃபோம் பட்டை தைத்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

ஆங்கிலக் கால்வாய் போலக் காற்று சட்டென்று வலுக்கும் இடங்களில் 130, 135 சதவிகிதமே புத்திசாலித்தனம். கணவன், மனைவி மட்டும் போகும் படகில் ஒருவர் குழந்தையைக் கவனித்தால், கயிறு இழுக்க மிஞ்சுவது ஒரே ஆள். கடையில் பார்க்கும்போது பெரிய பாய் கம்பீரமாகத்தான் இருக்கும். அதை இழுத்துக் கட்டப்போகும் கை யாருடையது என்பதையும் பார்க்க வேண்டாமா?

துணியில் அதிகம் குழம்ப வேண்டாம். பந்தயப் படகுகளின் லேமினேட் பாய் வடிவத்தை நன்றாகக் காக்கும். ஆனால் விலை அதிகம், ஆயுள் குறைவு. உல்லாசப் பயணத்துக்கு டேக்ரான் எனும் பாலியஸ்டர் துணியே போதும். சுருட்டி வைத்த பிறகும் வெயில் படும் விளிம்பில், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பட்டை கட்டாயம் தேவை. அது இல்லாவிட்டால் தையல்தான் முதலில் உளுத்துப்போகும்.

அளவு எடுக்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். பழைய பாயைத் தரையில் விரித்து அளந்தால், இழுபட்ட நீளம்தான் கிடைக்கும். டேப்பைப் பாய் ஏற்றும் கயிற்றில் கட்டி மேலே ஏற்றி, கம்பியையே அளக்க வேண்டும். ஃபர்லரின் உருளையும் சுழலியும் எடுத்துக்கொள்ளும் இடத்தைக் கழிக்க மறக்கக் கூடாது. பாய் சின்னதானால் அதை இழுக்கும் கயிற்றின் பிடிமானமும் முன்னே நகர வேண்டும். தளத்தில் உள்ள தண்டவாளம் அதுவரை நீள்கிறதா என்று முன்பே பார்த்துவிடுவது நல்லது.

நம்மூர் ஆடித் தள்ளுபடி மாதிரி, பிரிட்டனின் பாய் தைக்கும் பட்டறைகளில் குளிர்காலத் தள்ளுபடி உண்டு. படகுகள் கரையேறும் அக்டோபர், நவம்பரில் ஆர்டர் கொடுத்தால், வசந்தகாலத்தில் படகு தண்ணீரில் இறங்கும்போது பாய் தயாராக இருக்கும். பழைய பாயை மடித்து உள்ளேயே வைத்துக்கொள்ளலாம், அவசரத்துக்கு உதவும். இடமில்லையா? அதை வெட்டித் தோள்பை தைத்துத் தருபவர்களும் அங்கே இருக்கிறார்கள்.