பழைய காரின் ஸ்டீயரிங் முனகுவது ஏன்?

தில்லி, லக்னோ, சண்டிகர் முதலிய வடபுல நகரங்களில் குடியேறியுள்ள நம்மவர் பலர், பழைய கார்களை இன்றும் பேணி ஓட்டி வருகின்றனர். மார்கழிக் குளிரில், காலையில் என்ஜினைக் கிளப்பி ஸ்டீயரிங்கைத் திருப்பியதும், முன்புறத்திலிருந்து ஒரு முனகல் எழுவதை அவர்கள் கேட்டிருக்கக்கூடும். பழுதுபார்ப்பவரிடம் கொண்டு சென்றால், ‘பம்ப் கராப்’ என்று அவர் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். மொழி பாதி விளங்கிய நிலையில் நாமும் தலையசைத்து விடுகிறோம். பம்பை மாற்றுவதோ பெருஞ்செலவு. அதற்கு முன்னர் நாமே ஆராயத்தக்கவை சில உள.

பவர் ஸ்டீயரிங் என்னும் அமைப்பு, விற்பனைக்கு வந்த கார்களில் முதன்முதலாக 1951-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிரைஸ்லர் இம்பீரியல் வண்டியில் இடம்பெற்றது. இதற்கு உயிர் எண்ணெயே. என்ஜின் ஒரு பெல்ட்டைச் சுழற்ற, பெல்ட் பம்பைச் சுழற்றுகிறது. பம்ப் எண்ணெயை மிகுந்த அழுத்தத்துடன் செலுத்த, அவ்வழுத்தம் நம் கைக்குத் துணைநின்று சக்கரங்களைத் திருப்புகிறது. பின்னர் எண்ணெய் சிறு தொட்டிக்குத் திரும்பிவிடுகிறது. இன்றைய புதிய கார்களில் பெரும்பாலும் மின்மோட்டாரே இவ்வேலையைச் செய்கிறது. அவற்றுக்கு நாம் கூறுவது பொருந்தாது.

ஓசை எந்நேரத்தில், எவ்வாறு எழுகிறது என்பதே முதலில் கவனிக்க வேண்டுவது. திருப்பும்போது ‘கிறீச்’ என்று கூச்சலிட்டால், பெரும்பாலும் பெல்ட் தளர்ந்தோ தேய்ந்து பளபளத்தோ வழுக்குகிறது என்று கொள்ளலாம். ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பும்போது மட்டும் ‘உஸ்’ என்று சீறுவது பெரும்பாலும் பழுதன்று. மிகுந்த அழுத்தத்தை ஒரு வால்வு வெளிவிடுகிறது, அவ்வளவே. ஆயினும் அந்நிலையில் சில விநாடிகளுக்கு மேல் பிடித்திருத்தல் பம்புக்கு நல்லதன்று.

முனகலின் கதை வேறு. என்ஜின் வேகத்தோடு அதுவும் ஏறி இறங்குமாயின், பம்புக்குப் போதிய எண்ணெய் கிட்டவில்லை அல்லது எண்ணெயுடன் காற்று கலந்துள்ளது என்று ஐயுறலாம். குளிரில் எண்ணெய் கெட்டிப்படுவதால் பம்ப் அதை எளிதில் உறிஞ்ச இயலாமல் சிறிது நேரம் முனகும். வண்டி சூடானதும் ஓசை அடங்கினால் அஞ்ச வேண்டியதில்லை. சூடான பின்னும் தொடர்ந்தால் தொட்டியின் எண்ணெய் அளவைக் குறிக்கோட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அளவு சரியாயிருந்தும், கீழே ஒரு சொட்டும் ஒழுகாதிருந்தும் முனகல் நீடிக்கிறதா? இங்கேதான் பலரும் பம்பின்மீது பழியைப் போட்டுவிடுகின்றனர். தொட்டியிலிருந்து பம்புக்குச் செல்லும் ரப்பர்க் குழாயில் அழுத்தம் இல்லை. உறிஞ்சும் இழுப்பே உண்டு. ரப்பர் முதுமையால் விறைத்துவிட்டாலோ கிளிப் தளர்ந்துவிட்டாலோ, அவ்விடத்தில் எண்ணெய் வெளியே கசியாமலே காற்று உள்ளே புகும். தொட்டியில் எண்ணெய் நுரைத்தோ பால்போல் வெளுத்தோ காணப்படுவது இதன் அடையாளம். குழாயையும் கிளிப்பையும் மாற்றினால் போதும்.

அதன்பின் காற்றை வெளியேற்ற வேண்டும். முன்சக்கரங்களை உயர்த்தி உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, என்ஜினை இயக்காமலே, ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசிவரை பலமுறை மெதுவாகத் திருப்ப வேண்டும். அளவு குறையக் குறைய எண்ணெய் ஊற்றி, குமிழிகள் அடங்கிய பின்னரே என்ஜினைக் கிளப்பலாம். வண்டியின் கையேடு குறிப்பிடும் எண்ணெயையே ஊற்றுக. அவசரத்திற்குப் பிரேக் ஆயிலை ஊற்றுவோர் உண்டு. அது உள்ளிருக்கும் ரப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும்.

எண்ணெய் ஒழுகி, சூடான புகைப்போக்கிக் குழாயில் சொட்டுமாயின் தீப்பற்றும் அபாயம் உண்டு. அதைச் சீர்செய்யும்வரை வண்டியை எடுத்தல் ஆகாது. மேடுபள்ளத்தில் மட்டும் ‘டொக்’ என்று கேட்பது எண்ணெயைச் சார்ந்ததன்று. ஸ்டீயரிங் மூட்டுகளின் தேய்மானமாக இருக்கலாம். மூட்டு கழன்றால் சக்கரம் நம் வசத்தில் இராது. ஆதலால் அதைத் தாமதமின்றிக் காட்டிவிட வேண்டும்.

இவை யாவும் சரியாயிருந்தும் முனகல் ஓயாமல், எண்ணெயில் உலோகத் துகள் மின்னுமாயின், பம்பே தேய்ந்துவிட்டது எனலாம். அப்பொழுது புதுப் பம்பைப் பொருத்துமுன் பழைய எண்ணெய் முழுவதையும் வடித்துக் குழாய்களையும் தொட்டியையும் கழுவச் சொல்லுக. இல்லையேல் எஞ்சிய துகள் புதியதையும் அரித்துவிடும்.