ஆங்கிலச் சொற்களை அசை பிரித்தல்

ஆங்கிலச் சொல்லொன்றின் எழுத்துக்களை மந்திரம்போல் ஒப்புவிக்கும் மாணவன், பரீட்சை மண்டபத்தில் நடுவே ஓரெழுத்தை மறப்பானாயின் முழுச் சொல்லையும் இழந்துவிடுகிறான். மந்தபுத்தி என்று வீட்டிலும் ஏச்சுக் கேட்கிறான். குறை அவன் அறிவிலன்று, படித்த முறையிலே உளது. எழுத்தெழுத்தாகச் சுமப்பதை அசையசையாகச் சுமந்தால் பாரம் குறையும்.

அசை என்றதும் நேரும் நிரையும் நம் நினைவுக்கு வரும். ஆங்கில அசை அதுவன்று. 'மலர்' நமக்கு ஒரே நிரையசை. ஆங்கிலக் கணக்கிலோ ஈரசை. அங்கே உயிரொலி ஒன்றுக்கு அசை ஒன்று. எண்ணவேண்டியது ஒலியையேயன்றி எழுத்தையன்று. 'ஏரியா'வில் எழுத்து 4, அசை 3. வலிமைகளைக் குறிக்கும் 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்பதில் எழுத்து 9, அசையோ ஒன்றே! மெய்க்கூட்டத்தைத் தாங்காத நமது நா 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' ஆக்கும்போது ஓரசை ஈரசையாகிவிடுகிறது.

எழுத்துக்கூட்டலில் இதன் பயன் பெரிது. உயிரெழுத்தில் முடியும் அசை பெரும்பாலும் நீண்டொலிக்கும். மெய்யால் அடைபட்ட அசை குறுகும். நம்புதலைக் குறிக்கும் 'ஹோப்பிங்' ஒரு 'பி' பெறுவதும், துள்ளுதலைக் குறிக்கும் 'ஹொப்பிங்' இரண்டு 'பி' பெறுவதும் இதனாலேயே. தங்குமிடத்தைக் குறிக்கும் 'அக்கொமடேஷன்' என்னும் 13 எழுத்துச் சொல்லை 'அக்-கொம்-மொ-டே-ஷன்' என ஐந்தாக்கி எழுதிப் பழகினால், இரண்டு 'சி'யும் இரண்டு 'எம்'மும் தாமே வந்து அமரும். ஆயினும், இது எழுதுவதற்கான பிரிப்பு. பேசும்போது 'பக்கம்', 'அம்மா' என்பவற்றிற்போல மெய்யை இரட்டித்தல் ஆகாது. ஆங்கிலேயர் அங்கு ஒற்றை மெய்யையே ஒலிப்பர்.

நோவா வெப்ஸ்டர் என்னும் அமெரிக்க ஆசிரியர் 1783 இல் வெளியிட்ட எழுத்துக்கூட்டல் நூலில் இதனை நன்கு சிந்தித்தார். பழைய பாடநூல்கள் 'கிளஸ்டர்' என்பதைக் 'கிளு-ஸ்டர்' என்று பிரித்துப் பிள்ளைகளைத் தவறாக வாசிக்கச் செய்தன. அவர் செவியை நம்பிக் 'கிளஸ்-டர்' என்றார். சொற்பிறப்பை நோக்கிப் பிரிப்போரும் உளர். ஆதலால் அகராதிகள் தம்முள் மாறுபடக் கண்டு மாணவர் மயங்க வேண்டா.

அசை பிரித்தபின் அழுத்தம் எங்கென அறிதல் வேண்டும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் அது முதலசையில், 'ஃபொட்டோகிரஃபி'யில் இரண்டாவதில், 'ஃபோட்டோகிராஃபிக்'கில் மூன்றாவதில். அழுத்தக்குறியைச் சில அகராதிகள் அசைக்கு முன்னும் சில பின்னும் இடுகின்றன. நும் அகராதியின் வழக்கம் யாதென்பதை அதன் முன்பக்கங்களிற் பார்த்துக்கொள்க.