சைக்கிள் பயணத்துக்கு வழி தேர்வது எப்படி?

மாணவர்களே! திருவண்ணாமலையிலிருந்து புதுச்சேரிக் கடற்கரைக்கு நண்பர்களுடன் சைக்கிளில் செல்ல விரும்புகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று செஞ்சி, திண்டிவனம் வழி. மற்றொன்று வேட்டவலம், விழுப்புரம் வழி. இரண்டும் ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான். எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

முதலில் ஏற்றத்தைக் கணக்கிடுவோம். திருவண்ணாமலை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 170 மீட்டர் உயரத்தில் உள்ளது. திரும்பும்போது இவ்வளவு உயரமும் ஏற வேண்டும். உங்களுக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து 70 கிலோகிராம் என்றால், செய்ய வேண்டிய வேலை 70 × 9.8 × 170, அதாவது ஏறத்தாழ 1,17,000 ஜூல். தசைகள் உணவின் ஆற்றலில் சுமார் கால் பங்கையே வேலையாக மாற்றும். ஆகவே 110 கிலோகலோரி வேண்டும். இரண்டு மூன்று இட்லிகள் போதும்! இடையில் வரும் சிறு மேடுகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகும்.

அப்படியானால் உண்மையான எதிரி யார்? காற்று! அமைதியான காற்றில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறீர்கள். எதிரே 10 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், உங்கள் மீது மோதும் காற்றின் வேகம் 25 ஆகிறது. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் கூடும். எனவே அது ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும்!

கோடையில் நிலம் சூடேறியதும் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கும். ஆகவே விடியுமுன் வெளிச்சம் வரும் வேளையில் புறப்பட்டு, நண்பகலுக்குள் கடலை அடைவதே அறிவுடைமை. வெயிலும் தப்பும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றோ போகும்போது உதவும்; திரும்பும்போது தடுக்கும்.

இனி வழிக்கு வருவோம். தூரமும் ஏற்றமும் சமமாக இருப்பதால், மற்றவற்றைப் பார்க்க வேண்டும். சாலையோரம் மண் விளிம்பு அகலமாக உள்ளதா? லாரிகள் எந்நேரம் அதிகம்? குடிநீரும் பஞ்சர் கடையும் எங்கே கிடைக்கும்? வண்டி பழுதானால் திரும்புவது எப்படி? விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கு ரயில் பாதை உண்டு. செஞ்சியில் ரயில் நிலையமே இல்லை. முதன்முறை செல்வோருக்கு இது பெரிய துணை. பௌர்ணமி நாளில் மட்டும் எந்த வழியும் வேண்டாம். 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்கு வரும் கூட்டத்தால் ஊரைச் சுற்றிய சாலைகள் நிரம்பிவிடும்.

வரைபடம் தூரத்தைத்தான் சொல்லும். காற்றையும் வெயிலையும் தண்ணீரையும் நீங்களே அதில் குறித்துக்கொள்ள வேண்டும். உங்கள் ஊரிலிருந்து இப்படி ஒரு வழியை வரைந்து பாருங்களேன்!