நீங்க யாரு வூட்டுப் புள்ள?

புதுவை லாஸ்பேட்டையில் அந்தி சாயும் வேளையில், ஹெலிபேட் மைதானத்தில் பந்தாடிய பிள்ளைகள் கலைந்து, நடைக்கு வந்த பெரியவர்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பி, தெருவில் ஒவ்வொரு வாசலாக விளக்கு எரியத் தொடங்கும் அந்த ஒரு நாழிகை நேரத்தில், என் தாயார் தம்முடைய மஞ்சள் பையில் ஒரு புடவையையும் வெற்றிலைப் பெட்டியையும் எடுத்து வைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நிற்பார். "இருட்டிப் போச்சு தம்பி, நான் வூட்டுக்குப் போவணும்" என்பார். இதுதானே அம்மா நம்ம வீடு என்று நான் சொன்னால், என் முகத்தைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஓர் அந்நியரிடம் பேசும் மரியாதையோடு, "நீங்க யாரு வூட்டுப் புள்ள?" என்று கேட்பார்.

முதன்முறை அந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவர் போக வேண்டும் என்று சொன்ன வீடு முதல் வருஷத்தில் முதலியார்பேட்டையில் இருந்தது. என் தகப்பனார் ஆங்கிலோ-பிரெஞ்சு பஞ்சாலையில் வேலை பார்த்த காலத்தில் அவர்கள் குடியிருந்த வாடகை வீடு அது. "மில்லு சங்கு ஊதிடிச்சா? அவரு வந்துடுவாரே, உலை வைக்கலியே" என்று பதறுவார். தகப்பனார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 1898-இல் தொடங்கிய அந்த ஆலையும் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. மறு வருஷத்தில் முதலியார்பேட்டை வீடும் அவர் பேச்சிலிருந்து மறைந்து, அதற்கும் முந்திய பாகூர் வந்தது. ஏரிக்கரையை ஒட்டிய பிறந்தகம், வாசலில் கட்டிய கன்றுக்குட்டி, விளக்கு வைக்கும் முன் வராவிட்டால் திட்டும் தாய். அறுபது, எழுபது வருஷங்களுக்கு முந்திய பாகூரை அவர் நேற்றுப் பார்த்ததுபோல் சொன்னார். அன்று காலையில் இட்லி சாப்பிட்டது மட்டும் நினைவில் இல்லை.

இது ஏன் இப்படி நேர்கிறது என்பதை நாம் சற்று நிதானமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ரிபோ என்ற பிரெஞ்சு மனோதத்துவ அறிஞர் 1881-ஆம் ஆண்டிலேயே ஞாபக சக்தியின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதி, புதிதாய்ச் சேர்ந்தவை முதலில் அழிகின்றன, பழையவை கடைசிவரை நிற்கின்றன என்ற நியதியை விளக்கியிருக்கிறார். மூளையின் உட்புறத்தில் ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. அன்றாடம் காண்பதையும் கேட்பதையும் ஞாபகமாகப் பதிய வைப்பதில் அதற்குப் பிரதான பங்கு உண்டு. அல்சைமர் என்ற வியாதி பெரும்பாலும் அந்தப் பகுதியையும் அதன் சுற்றுப்புறத்தையுமே முதலில் தாக்குகிறது. எழுதுகிறவன் கை முடங்கிய பிறகும் அவன் முன்பு எழுதி வைத்த ஏடுகள் சில காலம் அலமாரியில் இருப்பதைப் போல, புதியவை பதியாமற் போன பிறகும் பழைய நினைவுகள் வெகுநாள் தங்குகின்றன. பிற்பாடு அவையும் ஒவ்வொன்றாய் உதிர்கின்றன.

இந்த வியாதிக்குத் தம் பெயரைத் தந்த ஜெர்மானிய வைத்தியர் அலோயிஸ் அல்சைமர், 1901-இல் பிராங்க்பர்ட் நகரத்து மருத்துவமனையில் ஐம்பத்தோரு வயதான அகுஸ்தே தேத்தர் என்ற ஸ்திரீயைச் சந்தித்தார். பெயர் என்ன என்று கேட்டதற்கு அகுஸ்தே என்றாள். கணவன் பெயரைக் கேட்டபோதும் அகுஸ்தே என்றே சொன்னாள். 1906-இல் அவள் இறந்த பின் அவளுடைய மூளையைப் பரிசோதித்து, உயிரணுக்களுக்கு வெளியே படிந்த ஒருவகைப் படிவுகளையும் உள்ளே முறுக்கிக்கொண்ட நார்களையும் கண்டு, அவ்வாண்டு நவம்பரில் டியூபிங்கன் நகரில் கூடிய வைத்தியர் சபையில் அவர் விவரித்தார். ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும் ஆராய்ச்சியாளர்கள் அந்தப் படிவுகளையும் அந்த முறுக்குகளையும் பற்றித்தான் வாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

டிமென்ஷியா என்பது ஒரே வியாதியின் பெயர் அன்று. காய்ச்சல் என்று சொல்வதைப் போன்ற பொதுப்பெயர் அது. அதற்குக் காரணமானவற்றுள் அல்சைமர் முதலாவது. மூளையின் ரத்தக் குழாய்கள் அடைபட்டு வருவது இன்னொன்று. ரத்தக் கொதிப்பும் சர்க்கரை வியாதியும் மலிந்த நம் நாட்டில் இந்த இரண்டாவது வகையை அலட்சியம் செய்வதற்கில்லை. முதியோர்களிடையே நடந்த ஒரு தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அதாவது சுமார் 88 லட்சம் பேர், இந்நிலையில் இருக்கிறார்கள் என்ற கணக்கு 2023-இல் வெளியாயிற்று. பாதிக்கப்பட்டோரின் விகிதம் ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம் என்பதையும் அந்த ஆய்வு காட்டிற்று.

ஆயினும் நம் வீடுகளில் இதற்கு வழங்கும் பெயர் "வயசாச்சு" என்பதுதான். நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சாம்பாரில் உப்பு இருமுறை விழுந்தபோது வயசாச்சு என்றேன். பால்காரருக்கு ஒரே மாதத்தில் மூன்று தரம் பணம் கொடுத்தபோதும் வயசாச்சு என்றேன். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயோதிகத்தின் மறதி. மூக்குக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று யோசிப்பது வேறு. நாற்பது வருஷம் பழகிய சமையலில் வரிசை தடுமாறுவதும், பழகிய தெருவில் திசை தப்புவதும், பேச்சில் சாதாரணப் பொருளின் பெயர் வராமல் "அது, அது" என்று கை காட்டுவதும், சாந்த சுபாவம் உள்ளவர் திடீரென்று சந்தேகப் பிராணியாக மாறுவதும் வைத்தியரிடம் காட்ட வேண்டிய குறிகள்.

அவ்வாறு காட்டுவதில் ஒரு பெரிய பிரயோஜனம் உண்டு. தைராய்டு சுரப்புக் குறைவு, பி12 சத்துக் குறைவு, தலையில் பட்ட அடியினால் மூளையுறைக்கடியில் கட்டிய ரத்தம், ஆழ்ந்த மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்க விளைவு ஆகியவையும் இதே வேஷத்தைப் போட்டுக்கொண்டு வரும். அவற்றைச் சிகிச்சையால் சரிசெய்ய முடியும். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து அவை இல்லை என்று தெளிந்த பின்பே டிமென்ஷியா எனும் மறதி நோய் என்று நிச்சயிக்கிறார்கள். புதுவைவாசிகளுக்கு இதில் ஒரு பாக்கியம் உண்டு: 1823-இல் பிரெஞ்சுக்காரர் நிறுவிய வைத்தியப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், லாஸ்பேட்டையிலிருந்து கூப்பிடு தூரத்துக் கோரிமேட்டில், நரம்பியல் பிரிவும் மனநலப் பிரிவும் கொண்டு நிற்கிறது.

வைத்தியர் என் தாயாரிடம் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். வட்டத்தை ஒழுங்காகப் போட்டார். எண்கள் எல்லாவற்றையும் வலப்பக்கத்திலேயே அடுக்கினார். முட்களை வரையாமல் பென்சிலை நீட்டிக் கொடுத்துவிட்டு, "நேரம் ஆயிடுச்சு, போவணும்" என்றார். ஆனால் பள்ளிக்கூடமே போகாத ஒரு மூதாட்டியிடம் இப்பரீட்சை செல்லாது. இதை உணர்ந்துதான், உலகில் மறதி நோயாளிகளில் நூற்றுக்கு 66 பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட அங்கே நடப்பதில்லை என்ற அநியாயத்தையே பெயராகச் சூடி, 1998-இல் கொச்சியில் "10/66" என்ற ஆய்வாளர் குழு உருவாயிற்று. எழுத்தறியாதவர்களுக்கும் பொருந்தும் கேள்விகளை அக்குழு வகுத்தது. வீட்டாரை உட்கார வைத்து, இவர் முன்பு என்னென்ன செய்வார், இப்போது எதை விட்டுவிட்டார் என்று விசாரிப்பதையும் பரீட்சையின் அங்கமாக்கிற்று.

நம் புதுவைக்கு மிகவும் நெருக்கமான ஒரு செய்தியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி என்ற நரம்பியல் நிபுணரும் சகாக்களும் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவில், இரண்டு மொழி பேசுபவர்களுக்கு ஒரு மொழி மட்டும் பேசுபவர்களைவிட நாலரை வருஷம் பிந்தியே மறதி நோய் தோன்றியது என்றும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடையிலும் அந்த வித்தியாசம் தென்பட்டது என்றும் கண்டார்கள். தமிழும் பிரெஞ்சும், தெலுங்கும் மலையாளமும் ஒரே தெருவில் ஒலிக்கிற ஊர்க்காரர்களான நாம் பக்கத்து வீட்டாரின் பாஷையில் நாலு வார்த்தை பேசிப் பழகுவது வீண்போகாது.

மருந்தைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. டோனபெசில், மெமான்டின் முதலிய மாத்திரைகள் சிலருக்குச் சில காலம் தெளிவைத் தருகின்றன, வியாதியை நிறுத்துவதில்லை. வருமுன் காப்பதைப் பற்றி, 2024-இல் "லான்செட்" பத்திரிகையின் நிபுணர் குழு, மாற்றிக்கொள்ளத்தக்க பதினான்கு காரணங்களைத் தொகுத்து, அவற்றைக் கவனித்தால் உலகில் ஏறக்குறைய 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இடமுண்டு என்றது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, மது எல்லாம் அதில் உண்டு. காது கேளாமையும் உண்டு என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். செவிட்டு மிஷின் வைத்துக்கொள்ள வெட்கப்பட்டு மூலையில் மௌனமாய் உட்கார்ந்துவிடும் பெரியவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

இனி, கூடவே வாழ்வதைப் பற்றி. இதில் நான் கற்றதெல்லாம் என் மனைவியிடம் கற்றது. அவளைத்தான் இந்த வியாதி அதிகமாகத் தண்டித்தது. ஒருநாள் என் தாயார் தம் வளையல்களைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்துவிட்டு, மறந்து, "இந்தப் பொண்ணுதான் எடுத்துக்கிச்சு" என்று உறவினர் முன்னிலையில் சொன்னார். இருபது வருஷம் அவருக்குச் சோறு போட்ட கை அது. ஞாபகம் விட்ட இடைவெளியைப் புத்தி ஏதோ ஒரு காரணத்தால் நிரப்பப் பார்க்கிறது. அருகில் இருப்பவர்மேல் அந்தப் பழி விழுகிறது. எத்தனையோ குடும்பங்களில் மாமியார் மருமகள் சண்டை என்று ஊர் பேசிச் சிரித்தது இந்த வியாதியின் ஆரம்பமாக இருந்திருக்கலாம். என் மனைவி அன்று அழுதாள். மறுநாள் முதல், வளையல் காணோம் என்றால், "வாங்க அத்தை, ரெண்டு பேருமா தேடுவோம்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அறை அறையாகத் தேடினாள். தேடத் துணை கிடைத்தபின் குற்றச்சாட்டு தானாக அடங்கிற்று.

"ஞாபகம் இருக்கா? நான் யார், சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சை வைப்பதை அவள்தான் முதலில் நிறுத்தினாள். கிட்டே போகும்போதே, "அத்தை, நான் உங்க மருமவ வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே போவாள். குளிக்கணும், துணி மாத்தணும், சாப்பிடணும் என்று ஒரே மூச்சில் அடுக்காமல், "தண்ணி விளாவி இருக்கு, வாங்க" என்று ஒன்றை மட்டும் சொல்வாள். வாசலில் கிடந்த கறுப்பு மிதியடியைக் கண்டு அவர் குழி என்று பயந்து தாண்ட மறுப்பதை அவள் கவனித்து எடுத்துப் போட்டாள். அந்தியில் வீட்டுக்குப் போகணும் என்று கிளம்பினால், மறுத்துப் பேசாமல் நாங்கள் பையை வாங்கிக்கொண்டு கூடவே கிளம்புவோம். பாகூரில் இப்போது நடவா, அறுப்பா, ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று பேசிக்கொண்டே மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். திரும்பி வந்து விளக்கு எரியும் வாசலைக் கண்டதும், "தோ வந்துட்டோம்" என்று அவரே செருப்பைக் கழற்றுவார்.

இவ்வளவும் செய்த பிறகும் நாங்கள் ஒரு தவறு செய்தோம். தெருவாருக்குச் சொல்லவில்லை. மானம் போகும் என்று கருதினோம். சித்தப்பிரமை என்று பேசுவார்கள் என்று அஞ்சினோம். விருந்தாளி வந்தால் உள்ளறையில் உட்கார வைத்தோம். ஒரு மத்தியானம் என் மனைவி இரவெல்லாம் விழித்த களைப்பில் அரைமணி கண்ணயர்ந்தபோது, தாயார் வெளியே போய்விட்டார். இரண்டு மணி நேரம் கழித்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாகனங்களுக்கிடையே வெறுங்காலுடன் நின்றிருந்தவரை ஓர் ஆட்டோக்காரர் ஏற்றிக்கொண்டு வந்தார். காலையில் எங்கள் தெருவில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகிறவர் அவர். "பாகூர் போவணும்னாங்க சார். முன்னமே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இந்தத் தெருமுனையிலயே நிறுத்தியிருப்பேனே" என்றார்.

அன்று மாலையே நான் வீடு வீடாகப் போனேன். மளிகைக் கடை, இஸ்திரி வண்டி, பால் பூத், ஆட்டோ ஸ்டாண்டு என்று எல்லா இடத்திலும், அம்மாவுக்கு மறதி நோய், தனியாகக் கண்டால் பேச்சுக் கொடுத்து உட்கார வையுங்கள், எனக்குப் போன் செய்யுங்கள் என்று சொன்னேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மூன்று வீடுகளில், "எங்க மாமாவுக்கும் இப்படித்தான்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். ஒரே தெருவில் நான்கு குடும்பங்கள் ஒன்றுக்கொன்று தெரியாமல் அதே பாரத்தைச் சுமந்திருக்கிறோம்!

ஜேக்கப் ராய் என்ற கேரளத்து வைத்தியர், தம் தகப்பனாருக்கு இந்நோய் கண்ட அனுபவத்துக்குப் பிறகு 1992-இல் இந்திய அல்சைமர் சங்கத்தைத் தொடங்கியபோது, அதன் பெரும் பணி இவ்வாறு தனித்தனியே ஒளிந்திருந்த குடும்பங்களை ஒன்று சேர்ப்பதாகவே இருந்தது. எங்கள் நான்கு குடும்பங்களும் இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலையில் யாரேனும் ஒருவர் வீட்டில் கூடுகிறோம். ஒருவர் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போக வேண்டுமானால் மற்றொருவர் வந்து உட்காருகிறோம். முதியோருக்கான 14567, மனநல ஆலோசனைக்கான 14416 என்ற இலவச எண்களைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். என் மனைவி வாரத்தில் இரண்டு இரவு நிம்மதியாகத் தூங்குகிறாள். அந்த இரவுகளில் நான் விழித்திருக்கிறேன். அதை நான் முதல் வருஷமே செய்திருக்க வேண்டும்.

எதிர்வீட்டு அம்மாள் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு படி உளுந்தும் ஒரு முறமும் எடுத்துக்கொண்டு வருகிறார். கடையில் சுத்தம் செய்து பாக்கெட்டில் அடைத்து விற்கும் உளுந்துதான். வீட்டிலேயே ஒரு பிடி உமியையும் நாலைந்து பொடிக்கல்லையும் கலந்து கொண்டுவருகிறார் என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். என் பெயரை மறந்த என் தாயார் அந்த முறத்தை மறக்கவில்லை. பெயரும் சம்பவமும் தங்குகிற இடம் வேறு, கைப்பழக்கம் தங்குகிற இடம் வேறு, அது வெகுநாள் நிலைக்கும் என்கிறார் வைத்தியர். திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து, முறத்தை ஏந்தி, மணிக்கட்டை ஒரு சொடுக்குச் சொடுக்கிப் புடைத்தால், உமி முன்னால் பறக்கிறது, கல் ஒருபுறம் ஒதுங்குகிறது, உளுந்து அவர் பக்கமாகவே சேர்கிறது. போன வெள்ளிக்கிழமை நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கல்லைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்து, "என்னா கல்லு பாருங்க தம்பி, யாரு வூட்டு உளுந்தோ" என்றார். எதிர்வீட்டு உளுந்து அம்மா என்றேன். "புதுசாக் குடித்தனம் வந்திருப்பாங்க, பாவம், பொடைக்கத் தெரியல" என்று சொல்லி, முறத்தை மறுபடியும் தூக்கினார்.