வீடியோ விளையாட்டின் வாய்மொழி வரலாறு காக்கப்பட வேண்டும்

வீடியோ விளையாட்டு சிறுவர்களின் பொழுதுபோக்கு மாத்திரமே என்ற எண்ணம் இன்னமும் நம்மிடையே நிலவுகின்றது. ஆயினும், 1970களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் வர்த்தக ரீதியாகத் தோற்றம் பெற்ற இத்துறை அரை நூற்றாண்டைக் கடந்து, பல தலைமுறையினரின் வாழ்வனுபவத்தில் ஓர் அங்கமாகிவிட்டது. அதன் வரலாற்றை எழுதுவதற்கான சான்றுகளோ வேகமாக மறைந்து வருகின்றன.

2010 ஆம் ஆண்டுக்கு முன்னர் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதமானவை விற்பனையில் இல்லை என 2023 இல் அந்நாட்டில் வெளியான ஆய்வொன்று தெரிவித்தது. பழைய பிரதிகளையேனும் தேடிப்பிடித்து நூதனசாலைகளில் வைத்துவிடலாம். ஆனால், ஒரு விளையாட்டை யார், எத்தகைய சூழலில் உருவாக்கினர் என்பதை அப்பிரதிகள் கூறுவதில்லை.

அட்டாரி கம்பனியின் கதை இதற்குத் தக்க உதாரணமாகும். 1970களின் பிற்பகுதியில் அக்கம்பனி தனது விளையாட்டுகளை எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. அதிருப்தியுற்று வெளியேறிய நால்வர் 1979 இல் அக்டிவிஷன் கம்பனி உருவாகக் காரணமாயினர். வொரன் ரொபினெட் என்பவர் தாம் எழுதிய 'அட்வென்ச்சர்' விளையாட்டினுள் இரகசிய அறையொன்றை அமைத்து அதில் தமது பெயரைப் பொறித்து வைத்தார். பெயரே மறைக்கப்பட்டோரின் வரலாற்றை விற்பனைப் பெட்டியிலிருந்து அறிய முடியாது. அவர்களது வாய்மொழியிலிருந்தே அறிய வேண்டும்.

காலதாமதம் இதில் பேரிழப்பை ஏற்படுத்தும். விளையாட்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தக்கூடிய 'சனல் எப்' சாதனம் 1976 இல் வெளிவருவதற்கு முன்னின்று உழைத்தவர் கறுப்பினப் பொறியியலாளரான ஜெரி லோசன். அவரது விரிவான நேர்காணலொன்று 2009 இல் வெளியானது. 2011 இல் அவர் காலமானார். வீட்டு வீடியோ விளையாட்டின் முன்னோடியான ரால்ப் பெயர் 2014 இலும், நின்டெண்டோவின் 'பெமிகொம்' சாதனத்தை வடிவமைத்த மசயுகி உவேமுரா 2021 இலும் மறைந்தனர். அந்த முதல் தலைமுறையில் எஞ்சியிருப்போரும் முதுமையடைந்துவிட்டனர்.

அதேவேளை, நினைவுகூரப்படும் யாவும் உண்மையெனக் கொள்வதும் தவறாகும். 1983 இல் நியூ மெக்சிகோவின் அலமோகோர்டோ நகரக் குப்பைமேட்டில் அட்டாரி கம்பனி தனது 'ஈ.ரி.' விளையாட்டுப் பிரதிகளை இலட்சக்கணக்கில் புதைத்தது என்ற கதை நீண்டகாலம் பேசப்பட்டு வந்தது. 2014 இல் அவ்விடம் தோண்டப்பட்டபோது புதைக்கப்பட்டது உண்மையெனத் தெரியவந்தது. ஆயினும், 'ஈ.ரி.'யுடன் வேறு பல விளையாட்டுகளும் அங்கே கிடந்தன. ஆகவே, வாய்மொழிச் சாட்சியங்களை ஆவணங்களுடனும் பௌதிகச் சான்றுகளுடனும் ஒப்பிட்டு நோக்குவது அவசியமாகும்.

கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று நூதனசாலை முன்னோடிகளின் நேர்காணல்களைப் பதிவுசெய்து எழுத்துருவில் வெளியிட்டு வருகின்றமை வரவேற்கத்தக்கது. எனினும், புகழ்பெற்றோருடன் இம்முயற்சிகள் நின்றுவிடலாகாது. விளையாட்டுகளைப் பரிசோதித்தோர், இயந்திரங்களைத் திருத்தியோர், விளையாட்டுக் கூடங்களை நடத்தியோர், அங்கே நாணயத்துடன் வரிசையில் நின்றோர் ஆகியோரின் குரல்களும் பதிவாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்னர் கைச்சாத்திடப்பட்ட இரகசியக் காப்பு ஒப்பந்தங்களிலிருந்து முன்னாள் ஊழியர்களை விடுவிக்கக் கம்பனிகளும் முன்வர வேண்டும்.

பழுதடைந்த இயந்திரத்தைப் பின்னரும் திருத்தலாம். பதிவுசெய்யப்படாமல் மறைந்த மனிதரிடம் பின்னர் வினவ முடியாது. ஆகையால் இப்பணி இன்றே விரைவுபடுத்தப்பட வேண்டும் என்பதே நமது கருத்தாகும்.